காகித மரமும் நம் முற்றத்துப் பால் மரங்களும்



முல்லைத்தீவுப் பக்கமிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடம் காத்திருந்து கையில் கிடைத்த காணி. வீடும் கிணறும் இருக்கின்றன, நிழல் மட்டும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் ஒருத்தி தொலைபேசியில் ஒரு மரத்தைப் பற்றிச் சொன்னாராம். "காகித மரம் என்று பெயர். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக்கு மேலே வளர்ந்துவிடும். இலை, பட்டை, பழம், பால் எல்லாம் மருந்து. சீனி வருத்தத்துக்கும் நல்லது. விதை அனுப்பட்டுமா?" என்று கேட்டாராம். "நடலாமா அக்கா?" என்பது வாசகியின் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட வேண்டாம். ஆனால் அந்த மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அதனிடம் தேடும் நிழலையும் உணவையும் மருந்தையும் தரக்கூடிய அதன் நெருங்கிய சொந்தங்கள் நம் ஊர்களிலேயே நிற்கின்றன. இந்த மாதம் முதலில் அந்த மரத்தைப் பார்ப்போம், பிறகு அதன் சொந்தங்களைப் பார்ப்போம்.

பெயரில் ஒரு குழப்பம்

காகித மரத்தின் சரியான பெயர் காகித முசுக்கட்டை. தாவரவியலில் புரூசோனேஷியா பப்பிரிஃபெரா என்பார்கள். "பப்பிரிஃபெரா" என்றால் காகிதம் தருவது என்று பொருள். முசுக்கட்டை என்பது நாம் மல்பெரி என்று சொல்லும் மரம். பட்டுப்புழு தின்னும் இலை அதனுடையது. காஞ்சிபுரம் சேலையின் பட்டு, முசுக்கட்டை இலை தின்ற புழு கட்டிய கூட்டிலிருந்து எடுத்த நூல்.

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் முசுட்டை இலையை வறை வறுக்கிறோம். அது வேலியில் படரும் கொடி. சளிக்கு முசுமுசுக்கை இலை சேர்க்கிறோம். அதுவும் ஒரு கொடிதான், பாகல், வெள்ளரி இனத்தைச் சேர்ந்தது. முசுக்கட்டை, முசுட்டை, முசுமுசுக்கை மூன்றும் காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் மூன்றும் வேறு வேறு தாவரங்கள். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றதில் செய்யக்கூடாது. மூலிகை விஷயத்தில் பெயரை மட்டும் நம்பி இலை பறிப்பது ஆபத்து.

மரம் எப்படி இருக்கும்?

காகித முசுக்கட்டையின் தாயகம் சீனம், தாய்வான் முதலிய கிழக்காசிய நாடுகளும் அவற்றை அடுத்த தென்கிழக்காசியாவும். விட்டுவிட்டால் நாற்பது ஐம்பது அடி உயரம் வளரும். இலை ஒரே மரத்தில் பல வடிவத்தில் இருக்கும். ஒன்று இதயம் போல, ஒன்று ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல, இன்னொன்று பப்பாசி இலை போலப் பல மடலாக இருக்கும். மேற்பக்கம் தடவினால் சொரசொரப்பு, அடிப்பக்கம் மென்மையான மயிர். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும்.

பனையில் ஆண் பனை, பெண் பனை இருப்பது உங்களுக்குத் தெரியும். இந்த மரமும் அப்படித்தான். ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ இன்னொரு மரத்தில். ஆண் மரத்தில் பூங்கொத்து பூனை வால் போலத் தொங்கும். பூ விரியும்போது மடங்கி இருந்த மகரந்தத் தாள்கள் விசை போலத் தெறித்து, பூந்தூளைக் காற்றில் எறியும். பெண் மரத்தில் பூ உருண்டையாக இருக்கும். பிறகு அது செம்மஞ்சள் நிறப் பழமாகும். பழம் இனிப்பு. பறவைகளும் வௌவால்களும் தின்று விதையைப் பரப்பும். வேரிலிருந்தும் புதிய கன்றுகள் கிளம்பும். ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று முளைக்கும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பட்டையின் பெருமை

இந்த மரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பட்டைதான். கி.பி. 105-ஆம் ஆண்டில் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையை அரசருக்குக் காட்டியதாக வரலாறு சொல்கிறது. பிறகு சீனம், கொரியா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் கைக்காகிதத்துக்கு இந்த மர இனத்தின் உட்பட்டை முக்கியப் பொருளாயிற்று. உட்பட்டையைக் காரநீரில் அவித்து, அடித்து நாராக்கி, தண்ணீரில் மிதக்கவிட்டு, சல்லடையில் ஏந்திக் காயவைப்பார்கள். நார் மிக நீளம் என்பதால் தாள் மெல்லியதாக இருந்தாலும் இலேசில் கிழியாது. ஜப்பானின் இந்தக் கைக்காகிதக் கலையை யுனெஸ்கோ 2014-இல் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிழிந்துபோன பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஒட்டிச் செப்பனிட உலகெங்கும் நூலகங்களில் இந்தத் தாளைப் பயன்படுத்துகிறார்கள்.

பசிபிக் தீவுகளில் இதே பட்டை துணியாகிறது. தொங்கா, சமோவா, பிஜி ஆகிய இடங்களில் பெண்கள் ஒன்றுகூடிச் செய்யும் வேலை இது. ஒன்றரை இரண்டு வருடக் கன்றை வெட்டிப் பட்டையை உரிப்பார்கள். மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெள்ளை உட்பட்டையை ஊறவைத்து, மரக்கட்டையின் மேல் வைத்து மரச் சுத்தியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்கக் கையகலப் பட்டை பல மடங்கு அகலமாகும். துண்டுகளைக் கிழங்குப் பசையால் ஒட்டிப் பெரிய விரிப்பாக்கி, மரச்சாயத்தால் கோலம் தீட்டுவார்கள். இதற்குத் தாப்பா என்று பெயர். கல்யாணத்துக்கும் சாவீட்டுக்கும் இதைக் கொண்டுபோக வேண்டும். தொங்காவில் பெண்கள் செய்யும் பாயும் இந்தத் துணியும்தான் ஒரு குடும்பத்தின் செல்வமாக மதிக்கப்படும். பணம் தேவைப்பட்டால் விற்கவும் செய்வார்கள்.

இந்த மரம் அந்தத் தீவுகளுக்கு எப்படிப் போயிற்று? 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று பசிபிக் தீவுகளின் காகித முசுக்கட்டை தாய்வானிலிருந்து வந்தது என்று காட்டியது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் படகேறிய மக்கள், வேர்க்கன்றுகளை ஈரம் காயாமல் கொண்டுபோய்ப் புதிய மண்ணில் நட்டிருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போகும்போது எதை எடுத்துக்கொள்வது என்ற கேள்வி உங்களுக்குப் புதிதல்ல. அவர்கள் செடியையும் எடுத்துக்கொண்டார்கள்.

மருந்து என்று சொல்வது எது?

சீன மருத்துவத்தில் இதன் காய்ந்த பழத்துக்கு நெடுங்காலப் பயன்பாடு உண்டு. இடுப்பு, முழங்கால் தளர்ச்சி, கண் மங்கல், உடம்பில் நீர் கோர்த்தல் ஆகியவற்றுக்கு மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுப்பார்கள். இலையை வயிற்றோட்டத்துக்கும், பாலைப் பூச்சிக்கடி, தோல் அரிப்பு ஆகியவற்றில் மேலே தடவவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். இலையிலும் பட்டையிலும் வேரிலும் ஃபிளாவனாய்டு என்ற பொருட்கள் பல இருக்கின்றன. சோதனைக் குழாயில் அவை கிருமிகளை அடக்குகின்றன, சீனியைக் கையாளும் சில நொதிகளைத் தடுக்கின்றன. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பது எல்லாம் மனித உடம்பில் நடக்காது. எவ்வளவு குடிக்க வேண்டும், எத்தனை நாள், சிறுநீரகம் தாங்குமா, வேறு மாத்திரையோடு சேருமா என்று நோயாளிகளிடம் பார்த்துத் தீர்மானித்த பிறகுதான் அது மருந்து. சீனி வருத்தத்தைப் பொறுத்தவரை இந்த மரம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மரத்தின் சாறு, தோலில் கறுப்பு நிறம் உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் என்று கண்டிருக்கிறார்கள். அதனால் முகத்தை வெளுக்கவைக்கும் கிறீம்கள் சிலவற்றில் இதைச் சேர்க்கிறார்கள். கடையில் "இயற்கை மூலிகை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நம் பிள்ளைகள் வாங்குகிறார்கள். ஒரு மூலிகையின் பெயர் மேலே இருப்பதால் உள்ளே உள்ள மற்றவை எல்லாம் நல்லவை ஆகிவிடாது. முகம் வெளுக்கும் கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் கொழுந்து பறித்தும் வயலில் நின்றும் உழைக்கும் முகத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஏன் வேண்டாம் என்கிறேன்?

பாகிஸ்தானில் இஸ்லாமாபாத் என்ற புதிய தலைநகரை 1960-களில் கட்டினார்கள். வெட்ட வெளியாக இருந்த நகரத்தைச் சீக்கிரம் பச்சையாக்க வேண்டும் என்று வேகமாக வளரும் இந்த மரத்தை எங்கும் பரப்பினார்கள். நிழல் சீக்கிரமே வந்தது. அதோடு ஒவ்வொரு மார்ச், ஏப்ரல் மாதத்திலும் ஆண் மரங்களின் பூந்தூள் காற்றை நிறைக்கத் தொடங்கியது. ஆஸ்மா, கண் எரிச்சல், தும்மல் என்று மக்கள் ஆஸ்பத்திரியில் குவிகிறார்கள். இப்போது அரசாங்கமே செலவு செய்து மரங்களை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் வேர் மறுபடி முளைக்கிறது. கானா நாட்டில் 1969-இல் காகிதக் கூழுக்காகக் கொண்டுவந்து நட்ட மரம், காட்டுக்குள் புகுந்து உள்ளூர் மரக்கன்றுகளை எழவிடாமல் செய்துவிட்டது.

நமக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. வவுனியாவில் 1999-இல் அடையாளம் கண்ட பார்த்தீனியம் இன்று வடக்கில் எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் நிற்கிறது. இந்திய இராணுவம் இருந்த காலத்தில், அவர்களுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு விதை வந்தது என்று சொல்வார்கள். எப்படி வந்திருந்தாலும், அதைப் பிடுங்கிப் பிடுங்கித் தோல் கடிப்பட்டு அவதிப்படுவது தோட்டத்தில் குனிந்து வேலை செய்யும் பெண்கள்தான்.

சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டு விதையையோ கன்றையோ அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. பார்சலுக்குள் ஒரு பிடி விதை வைத்து அனுப்புவது அன்பினால் செய்வதாக இருக்கலாம், ஆனால் அது குற்றம். மச்சாளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நம் முற்றத்துச் சொந்தங்கள்

காகித முசுக்கட்டையின் குடும்பத்துக்கு மோரேசியே என்று பெயர். உடைத்தால் பால் வடிவது இந்தக் குடும்பத்தின் பொது அடையாளம். (பால் வடிகிற மரம் எல்லாம் இந்தக் குடும்பம் அல்ல. எருக்கிலும் கள்ளியிலும் வடிவது நஞ்சு.) பலா, ஈரப்பலா, ஆல், அரசு, அத்தி, இத்தி, முசுக்கட்டை, பராய் எல்லாம் ஒரே குடும்பம்.

நான் இருக்கும் லுணுகலை, பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. அதே பாதை கீழே செங்கலடிக்குப் போய் மட்டக்களப்புப் பக்கம் சேரும். 1977-இலும் 1983-இலும் நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கிழக்குக்கும் வன்னிக்கும் போய்க் குடியேறின. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளாக இருப்பீர்கள். ஹொப்டன், அடாவத்தைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் நின்ற பலாமரத்தைப் பற்றி உங்கள் அம்மா சொல்லியிருப்பார். தேயிலைச் சம்பளம் போதாத மாதங்களில் பிஞ்சுப் பலாக்காய்க் கறியும் அவித்த பலாச்சுளையும் பலாக்கொட்டையும்தான் பல வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு. சிங்கள மக்கள் பலாவைச் "சோற்று மரம்" என்பார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலா நடவேண்டும் என்று இயக்கமே நடத்தினார். அதனால் அவருக்குக் "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்று பெயர் வந்தது. 1951-ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மூன்றையும் பாதுகாக்கிறது. அனுமதியின்றி வெட்ட முடியாது. அந்த மூன்றில் இரண்டு, நாம் பேசும் குடும்பத்து மரங்கள்.

ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கையும் நம் வைத்தியர்கள் நாற்பாமரம் என்பார்கள். நான்கு பால் மரம் என்பதுதான் அது. இவற்றின் பட்டையில் துவர்ப்பு அதிகம். பட்டையை நன்றாகக் காய்ச்சி வடித்த நீரால் புண் கழுவுவதும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிப்பதும் பழைய வழக்கம். துவர்ப்புப் பொருள் புண்ணின் மேல் ஈரத்தைச் சுருக்கும். சிறு சிராய்ப்புக்கு இது சரி. ஆழமான வெட்டுக்கும், ஷெல் துண்டு உள்ளே இருக்கும் பழைய காயத்துக்கும், சீனி வருத்தம் உள்ளவரின் கால் புண்ணுக்கும் இது போதாது. அவற்றுக்கு ஆஸ்பத்திரிதான்.

பராய் மரத்தைச் சில ஊர்களில் பிராய் என்பார்கள். நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் வளரும் சிறு மரம். காகித முசுக்கட்டையைப் போலவே இதன் இலையும் சொரசொரப்பு. மரச்சாமானை மினுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் உதவும். குச்சியால் பல் விளக்குவார்கள். தாய்லாந்தில் பழைய நூல்களை எழுதிய காகிதம் இதன் பட்டையிலிருந்துதான் வந்தது. அப்படிப் பார்த்தால் இதுதான் நம் ஊர்க் காகித மரம். திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமும் இதுவே. குதிகால் வெடிப்பில் இதன் பாலைத் தடவுவது நாட்டு வழக்கம். ஆனால் இதன் வேர்ப்பட்டையில் இதயத் துடிப்பைப் பாதிக்கும் வலுவான பொருட்கள் இருக்கின்றன. பட்டையையோ வேரையோ வீட்டில் அவித்துக் குடிக்க வேண்டாம்.

சீனி வருத்தமும் பலா இலையும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சீனி வருத்தத்துக்குப் பழுத்த பலா இலையை அவித்துக் குடிப்பது நம் நாட்டில் எல்லா இனத்தவரிடமும் உள்ள வழக்கம். அது வெறும் நம்பிக்கை அல்ல. 1991-இல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் முற்றிய பலா இலைக் கஷாயத்தைச் சுகதேகிகளுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் கொடுத்துப் பார்த்து, உடம்பு சீனியைக் கையாளும் திறன் மேம்படுவதாக எழுதினார்கள். முசுக்கட்டை இலையிலும் ஒரு பொருள் இருக்கிறது. சோற்று மாவை உடம்பு சீனியாக உடைப்பதை அது மெதுவாக்கும்.

2021-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இன்னும் பயனுள்ளது. இந்தியாவில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் சீனி வருத்தமுள்ள 40 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினமும் 30 கிராம் பச்சைப் பலாக்காய் மாவை, அதே அளவு அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதிலாகச் சாப்பிட்டது. 12 வாரத்தில் அந்தக் குழுவினருக்கு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் அளவு கூடுதலாகக் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் மாத்திரையை நிறுத்தவில்லை. டொக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே, சோற்றில் ஒரு பங்கைப் பலாக்காய்க்கு மாற்றினார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 2022-இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, கிளினிக்கில் மாத்திரையை வெளியே வாங்கச் சொன்னார்கள். அந்த விலைக்கு அவரால் முடியவில்லை. பலா இலையை அவித்துக் குடிக்கத் தொடங்கினார். வேறு வழி இல்லாத நேரத்தில் செய்ததைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை திரும்பக் கிடைத்த பிறகும் அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. "எலையும் மருந்துதானே தாயி, காசும் மிச்சம், ஒரு நாள் பேரும் மிச்சம்" என்பார். கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அடுத்த வருடம் கொழுந்து மலையில் காலில் ஒரு முள் குத்தியது. வலி தெரியவில்லை, சீனி கூடிய காலில் உணர்ச்சி மரத்துப் போயிருந்தது. புண் பெருத்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டி வந்தது. இப்போது மாத்திரையும் சாப்பிடுகிறார், பலாக்காயும் சாப்பிடுகிறார். காலை இரவில் தன் கையாலேயே தடவிப் பார்க்கிறார்.

குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் பெண்களுக்குத் தங்கள் வருத்தம் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கும். பிள்ளையின் சளிக்கு ஓடுவோம், நம் கால் புண்ணை ஒரு இலை வைத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போவோம். இலை மலிவு, பக்கத்தில் இருக்கிறது, யாரிடமும் வரிசையில் நிற்க வேண்டாம். அதனால்தான் இலையை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். ஆகவே சில விஷயங்களை நினைவில் வையுங்கள்:

சீனி வருத்த மாத்திரையையோ ஊசியையோ இலைக் கஷாயத்துக்காக நிறுத்தாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் அது இலவசம்.

மாத்திரையோடு கஷாயமும் குடித்தால் சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். கஷாயம் குடிப்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் குடிக்க வேண்டாம்.

பழுத்த பலாச்சுளையில் சீனி அதிகம். மேலே சொன்ன ஆய்வு பச்சைக் காயைப் பற்றியது.

எந்த மரத்தின் பாலும் கண்ணில் படக்கூடாது, திறந்த புண்ணில் ஊற்றக்கூடாது.

அப்படியானால் எதை நடுவது?

சீக்கிரம் வளர வேண்டும் என்றால் முசுக்கட்டையை நடுங்கள். யாரிடமாவது மரம் இருந்தால் பென்சில் தடிப்புள்ள முற்றிய கிளையை, மூன்று நான்கு கணு இருக்கும்படி ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மாரி தொடங்கும்போது இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஓரிரண்டு வருடத்தில் பழம் வரும். பிள்ளைகள் தின்னலாம். இலையை ஆடு விரும்பித் தின்னும். இதற்கும் பூந்தூள் உண்டு. ஆட்டுக்கு அடிக்கடி வெட்டிக்கொண்டே இருந்தால் பூ குறைவாகத்தான் வரும்.

பலாவை முசுக்கட்டைக்குப் பக்கத்தில், ஆனால் இருபத்தைந்து அடியாவது தள்ளி நடுங்கள். பலாக்கொட்டையைக் காயவிட்டால் முளைக்காது. சுளை தின்ற சில நாட்களுக்குள் ஊன்ற வேண்டும். ஆணிவேர் அறுந்தால் மரம் தேறாது என்பதால், நிற்கப்போகும் இடத்திலேயே குழி வெட்டி, மக்கிய எரு போட்டு, இரண்டு மூன்று கொட்டைகளை ஊன்றி, நல்ல கன்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. வன்னி வெயிலில் முதல் இரண்டு கோடைக்கும் தண்ணீர் வேண்டும். கிணற்றடியில் கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குச் சற்று அருகே வைத்தால் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. ஆடு மாடு கடிக்காமல் முள் அடைப்புப் போடுங்கள். கொட்டையில் வந்த மரம் காய்க்க ஐந்து முதல் எட்டு வருடம் ஆகலாம். ஒட்டுக்கன்று அதைவிடச் சீக்கிரம் காய்க்கும். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் அல்லது கமநல சேவை நிலையத்தில் ஒட்டுக்கன்றைப் பற்றி விசாரித்துப் பாருங்கள்.

முசுக்கட்டை முதல் சில வருட நிழலைத் தரும். அது தளரும் காலத்தில் பலா எழுந்து நிற்கும். அதன் பிறகு அந்த மரம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் காய் கொடுக்கும், சட்டமும் அதற்குக் காவல் நிற்கும்.

வெயிலில் காய்ந்த காணியில் ஐந்து வருடம் காத்திருக்கச் சொல்வது இலேசான காரியம் அல்ல என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இரண்டையும் சேர்த்து நடச் சொல்கிறேன். குழி வெட்டும் நாளில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். வீட்டில் நாற்பது வயது கடந்த யாராவது இரத்தத்தில் சீனி பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால், அடுத்த கிளினிக் நாளை கலண்டரில் குறித்து வையுங்கள்.

அடுத்த மாதம் முருங்கையைப் பற்றிப் பேசுவோம். உங்கள் ஊரில் பராய் மரத்துக்கு வேறு பெயர் இருந்தால் எழுதி அனுப்புங்கள், சகோதரிகளே.